மொட்டு வாடை

பியர்பொன்ட்ஸ், மாண்ட்ரியல்
28-4-1974

அன்புள்ள அண்ணிக்கு அனுசூயா வணங்கி எழுதுவது. நானும் ரவியும் சுகம் என்று எழுதித்தானே ஆக வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே தாங்களும் சியாமளாவும் மற்றவர்களும் எப்படி இருக்கிறீர்கள்?

தந்தியில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். இந்த ஊரில் பனி இளகும் சமயம் மேப்பிள் மரத்தில் துளை போட்டு வாளி மாட்டினால் பதநீர் மாதிரி ஒரு நீர் வடியும். நாற்பது படி காய்ச்சினால் ஒரு படி பாகு தேறும். மூன்று வருஷமாக உங்கள் தம்பிக்கு இதுதான் பைத்தியம். ஏப்ரல் இரண்டாம் தேதி ஆபீஸுக்குக் கிளம்புமுன் தோட்டத்திலிருந்து இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்தார். படியருகே வாளிகளைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாக, "டயம் ஆச்சு, அங்க என்ன உக்காந்துக்கிட்டு?" என்று கத்தினேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

பதினாறு முடியும்வரை இனிப்புக்கு அடுப்பு ஏற்றக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். மரத்துக்கு அது தெரியுமா? வடிந்துகொண்டே இருந்தது. ரவி பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் வாளிகளை டிரம்மில் கொட்டினான். பதினாறு முடிந்த பிறகு இரண்டு பேருமாகக் காய்ச்சினோம். கறுப்பாக, புளித்து, வெந்த முட்டைக்கோஸ் வாடையோடு பதினாலு பாட்டில் வந்தது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் முசியே ரோஷே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரம் மொட்டு விட்டபிறகு எடுத்த நீர், நாளும் ஆகிவிட்டது. பன்றிக்குத்தான் ஆகும்" என்றார். கொட்டப் போனால் ரவி வாசலை மறித்துக்கொள்கிறான். "அது டாடியோடது மா, கொட்டாதீங்க" என்கிறான். அண்ணி, கெட்ட பாகை எதில் போட்டால் வாய்க்கு விளங்கும்? உங்கள் கைப்பக்குவம் எனக்கு வராது, எழுதுங்கள்.

இன்னொன்று. அடுத்த தெருவில் இருக்கும் நம்மூர் டாக்டர் பாலசந்திரன் கேட்கச் சொன்னார். உடலை அறுத்துப் பார்த்ததில் இதயத்தின் நடுச்சுவர் மிகவும் தடித்திருந்ததாம். சில குடும்பங்களில் இது வழிவழியாக வருமாம். நம் வீட்டில் வேறு யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அனுசூயா


தென்னூர், திருச்சி
18-5-1974

அன்புள்ள அனுசூயாவுக்கு சரளா எழுதிக்கொண்டது. இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குழந்தை ரவி தூங்குகிறானா?

மணி போய்விட்டான் என்பதை என் மனசு ஏற்கவே இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ அவனைப் பார்த்துக் கத்தியதை நினைத்து உருகாதே. பெண்டாட்டி கத்தாத வீடு எது?

பாகு விஷயம். வற்றல் குழம்பில் வெல்லத்துக்குப் பதில் இறக்கும்போது விடு, மிளகாய் இரண்டு கூட வை. புளி இஞ்சிக்கும் ஆகும். இனிப்பாகச் செய்வதானால் சுக்கும் ஏலக்காயும் தாராளமாகப் போடு. சுக்கு அமுக்காத வாடை கிடையாது. இதுகூடத் தெரியாமல் என்ன குடும்பம் நடத்தினாய் என்று மணி இருந்தால் உன்னைக் கிண்டல் பண்ணியிருப்பான்.

சியாமளாவுக்குக் கரூரில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பாங்கில் ஆபீசர். பையனின் அப்பா ஓய்வுபெற்ற தாசில்தார், ரொம்பத் துருவுகிற மனிதர். மணி இருந்து தாய்மாமனாகச் சீர் கொண்டுவர வேண்டிய நேரம்.

ஆசிகளுடன்,
சரளா


பியர்பொன்ட்ஸ்
9-6-1974

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். இங்கே இருவரும் எழுந்து நடமாடுகிறோம். தாங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

தங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பதிமூன்று வருஷமாக எனக்கு வந்த கடிதமெல்லாம் 'சௌபாக்கியவதி அனுசூயாவுக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். இதில் அந்த வார்த்தை இல்லை. முறை தெரிந்துதான் விட்டிருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனாலும் உறையைப் பிரித்ததும் கண் அங்கேதான் போய் நின்றது.

வற்றல் குழம்பு நன்றாகவே வந்தது. வாடை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் ரவிக்குக் குழம்பு வேண்டாமாம், ரொட்டியில் அப்படியே தடவித் தின்கிறான். முகம் கோணுகிறது, விழுங்கிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்கிறான். அவன் எதிரில் நானும் அப்படியே தின்றாக வேண்டியிருக்கிறது.

அண்ணி, டாக்டர் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தெளிவாகவே சொல்கிறேன். ரவியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதில் லேசாக ஒரு சத்தம் இருக்கிறதாம். நிறையக் குழந்தைகளுக்கு அது இருக்கும், கவலையில்லை என்கிறார். ஆனால் குடும்பத்தில் இப்படி யாராவது போயிருந்தால் சும்மா விட முடியாதாம். தொடை நரம்பு வழியாக இதயம்வரை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஆபத்தும் உண்டு. ஓட்டம், ஐஸ் ஹாக்கி எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்த வேண்டும். யாரும் இல்லையென்றால் பையனை அவன் பாட்டுக்கு விட்டுவிடலாம். உங்கள் அப்பாவும் உங்கள் பெரிய தம்பி நடராஜனும் எதனால் போனார்கள்? உங்கள் ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

டாக்டர் வீட்டு அம்மா திருச்சிக்கு வருகிறார். ஒரு பாட்டில் பாகு கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தம்பி வைத்த வாளியில் வடிந்தது.

அனுசூயா


தென்னூர், திருச்சி
24-7-1974

அன்புள்ள அனுசூயாவுக்கு. காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது, நாங்கள் சௌக்கியம். உங்கள் இருவரின் சௌக்கியத்துக்கும் தாயுமானவரை வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

அப்பா முறைக்காய்ச்சலில் போனார். நடராஜன் ஆற்றில் போனான். மணியும் உன்னிடம் அப்படித்தானே சொல்லியிருப்பான்? நம் குடும்பத்தில் நெஞ்சு வியாதி யாருக்கும் கிடையாது. டாக்டரிடம் அப்படியே சொல். குழந்தைக்குக் குழாயும் வேண்டாம், கிழாயும் வேண்டாம்.

பாட்டில் பத்திரமாக வந்தது. திறந்ததும் பூசணம் பிடித்த கருப்பட்டி வாசம் அடித்தது. என்னைக் கேட்டால் உன் முசியே சொன்னது சரி. ஆனால் சரளாவா விடுவாள்? கரூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது அதிலேயே அதிரசம் சுட்டேன். சுக்கு, ஏலம், எள் எல்லாம் தூக்கலாகப் போட்டேன். கனடா சர்க்கரை என்றேன். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை, தாசில்தார் மூன்று சாப்பிட்டார். பேச்சு முடிந்தமாதிரிதான். அந்த மனிதர் இருக்கிறாரே, வீட்டுக்கு வரும் தபால் யார் பேருக்கு வந்தாலும் அவர்தான் பிரிப்பாராம், சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படிப்பாராம். சியாமளா இப்போதே சிரிக்கிறாள்.

ஆசிகளுடன்,
சரளா


பியர்பொன்ட்ஸ்
25-8-1974

அன்புள்ள அண்ணிக்கு. நலம். இந்தத் தடவை மனசறிந்து எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை டாக்டர் பாலசந்திரனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "அப்பாடா" என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினாப் போதும்மா, பையன் விளையாடட்டும்" என்றார். ரவியை ஹாக்கிக் குழுவில் சேர்த்துவிட்டேன். சறுக்குக் காலணியைப் படுக்கை வரைக்கும் போட்டுக்கொண்டு திரிகிறான். அப்பா போனபிறகு அவன் சத்தம் போட்டுச் சிரித்ததை நேற்றுத்தான் கேட்டேன். உங்களுக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கிறது.

பாகில் புளித்தொக்கு போட்டேன், காபியில் விட்டேன், பீன்ஸை வேகவைத்துக் கொட்டிக் கிளறினேன். காபி குடிக்கிற மாதிரி இல்லை. மற்றது ஓடுகிறது.

ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. நடராஜன் காவேரியைத் தினம் இரண்டு தடவை குறுக்கே நீந்துவார் என்று இவர் பெருமையடிப்பார். அப்படிப்பட்டவர் எப்படி மூழ்கினார்? வெள்ளமா? சும்மாதான் கேட்கிறேன்.

சியாமளாவின் பேச்சு நல்லபடியாக முடியட்டும்.

அனுசூயா


தென்னூர், திருச்சி
20-11-1974

அன்புள்ள அனுசூயாவுக்கு. தலைதீபாவளியை இந்த வருஷமே வைத்திருக்கலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பேசும் அளவுக்கு எல்லாம் கூடிவந்திருக்கிறது. தை பதினேழு, ஜனவரி முப்பது, முகூர்த்தம். நாங்கள் சுகம், உங்கள் சுகம் எழுது.

மீதிப் பாகில் தீபாவளி லேகியம் கிளறியிருக்கலாமே, எழுத மறந்தேன். ஓமம், திப்பிலி, சுக்கு, நெய். இப்போதும் செய்யலாம், குளிருக்கு நல்லது.

ஒரு சின்ன விஷயம். தாசில்தார் மணியைப் பற்றிக் கேட்டார். பனியில் வழுக்கி விழுந்து மண்டையில் அடி என்று சொல்லியிருக்கிறோம். நீ வாழ்த்துக் கடிதம் எழுதினால் அதையொட்டியே எழுது. உனக்குப் புரியும். பெண்ணைப் பெற்றவள் பாடு.

சரளா


பியர்பொன்ட்ஸ்
18-12-1974

அண்ணிக்கு. இருவரும் இருக்கிறோம். அங்கே கல்யாண வேலையில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேகியம் கிளறினேன். நெய்யும் ஓமமும் வாடையை அடியோடு விழுங்கிவிட்டன. ரவி ஒரு உருண்டை தின்றுவிட்டு, "இதுல டாடி சிரப் டேஸ்டே இல்லையே" என்று வைத்துவிட்டான். அவனுக்கு அந்த வாடைதான் வேண்டுமாம்.

என் புருஷன் பனியில் வழுக்கி விழவில்லை. நடந்து வந்தவர் உட்கார்ந்து போனார். அதைச் சொன்னால் உங்களுக்கு என்ன பயம்? குடும்பத்தில் யாருக்கும் இல்லாத வியாதி என்றால் இதை ஏன் மறைக்க வேண்டும்? தங்கள் கடிதம் வந்ததிலிருந்து இதையே யோசிக்கிறேன். எனக்குக் கோபமாக வருகிறது அண்ணி, மன்னியுங்கள் என்றுகூட எழுத வரவில்லை.

போன வாரம் ரவி விளையாடிவிட்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவர் உட்கார்ந்த அதே படி. கேட்டால் குளிர் என்கிறான். மறுபடி சோதனைக்கு ஜனவரி கடைசியில்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டை நிறுத்தட்டுமா என்றால் சாப்பிடாமல் அழுகிறான். வேறு சந்தோஷம் ஏது அவனுக்கு?

ஒரே வார்த்தை போதும். உண்டு அல்லது இல்லை. தந்தி கொடுங்கள்.

அனுசூயா


தென்னூர், திருச்சி
5-2-1975

அன்புள்ள அனுசூயாவுக்கு. கல்யாணம் நல்லபடி முடிந்தது. சியாமளா கரூருக்குப் போய் நாலு நாள் ஆகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. இனிமேல் எழுதலாம்.

உன் டிசம்பர் கடிதம் ஜனவரி நான்காம் தேதியே வந்துவிட்டது. பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அதே கையோடு பிரித்துப் படித்து, கெடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். கல்யாணம் முடியட்டும், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. கிணற்றடியில் இரண்டு குடம் இறைத்தார். மூன்றாவது வாளி பாதிக் கிணற்றில் இருக்கும்போது விழுந்தார். எனக்குப் பன்னிரண்டு வயசு, பக்கத்தில் நின்றேன். கயிறு தானாக ஓடியது. அவருக்கு முப்பத்துநாலு. நடராஜன் ஆற்றில் போகவில்லை. நீந்திக் கரையேறி, படித்துறையில் நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். பத்தொன்பது வயசு. எனக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தது. 'நெஞ்சு வெடிக்கிற குடும்பம்னு பேர் வந்தா உன்னை யாருடி கட்டுவா?' என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். விடுதியில் படித்துக்கொண்டிருந்த மணிக்கும் ஆறு என்றுதான் எழுதினோம். உன்னைப் பெண் கேட்டு வந்தபோதும் அதையே சொன்னோம். அப்புறம் அதுவே நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

குழந்தையை உடனே காட்டு. குழாய் விட்டுப் பார்க்கச் சொல். விளையாட்டை நிறுத்து. என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு.

சரளா


பியர்பொன்ட்ஸ்
27-2-1975

அண்ணி,

ரவி ஜனவரி பதினெட்டாம் தேதி போய்விட்டான். சனிக்கிழமை. பனித்திடலில் ஹாக்கி வில்லையைத் துரத்திக்கொண்டு வந்தவன் அப்படியே உட்கார்ந்து சாய்ந்தான். நான் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு வரம்புக்கு வெளியே நின்றேன்.

ஜனவரி நான்கிலிருந்து பதினெட்டுவரை பதினான்கு நாள். தந்தி ஒரே நாளில் வரும்.

உங்களுக்கு ஏன் உடனே தெரிவிக்கவில்லை என்று கேட்பீர்கள். டாக்டர் பாலசந்திரன் தந்தி கொடுக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "தை பதினேழு எங்க நாத்தனார் வீட்டுல கல்யாணம். துக்கம் தெரிஞ்சா முகூர்த்தம் நின்னு போயிடும்" என்றேன். உங்கள் கல்யாணத்தை நான் காப்பாற்றினேன் அண்ணி. அவனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காப்பாற்றினேன்.

அவனுக்குப் படைக்கும்போது என்ன வைப்பதென்று டாக்டர் வீட்டு அம்மா கேட்டார். ரொட்டியில் அந்தப் பாகைத் தடவி வைத்தேன். சுக்கு இல்லை, ஏலக்காய் இல்லை. அதற்கு இதைவிடச் சரியான உபயோகம் யாரும் சொல்லவில்லை. இரண்டு பாட்டில் மிச்சம் இருக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற நிலையில் இல்லை. ஆனால் சியாமளா உங்கள் வயிற்றில் பிறந்தவள், அந்த ரத்தம்தான் அவளுக்கும். அவளை டாக்டரிடம் காட்டுங்கள். அவளுக்குக் குழந்தை உண்டாகுமுன் காட்டுங்கள்.

அனுசூயா


தென்னூர், திருச்சி
26-3-1975

அனுசூயா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அடுப்பு ஏற்றவில்லை. ரவியைக் கொன்றது நான்தான். அதை நீ எழுதாமல் விட்டாய், நானே எழுதுகிறேன்.

சியாமளாவுக்கு நாள் தள்ளியிருக்கிறது. கரூரில் எல்லோரும் கையில் தாங்குகிறார்கள். இப்போது போய் நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தீர்கள் என்று வயிற்றுப் பிள்ளையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் திடமாகத்தான் இருக்கிறாள். மாடிக்கு நாலு குடம் தண்ணீர் தூக்குகிறாள், மூச்சு வாங்குவதெல்லாம் மசக்கைதானே? பிரசவத்துக்கு இங்கே வரும்போது யாருக்கும் தெரியாமல் காட்டுகிறேன். ஆறு மாதம்தான்.

நீ அவளுக்கு நேரே எழுதிவிடாதே. அங்கே யார் தபால் பிரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சரளா


பியர்பொன்ட்ஸ், மாண்ட்ரியல்
8-4-1975

சௌபாக்கியவதி சியாமளாவுக்கு உன் மாமன் மணிவாசகத்தின் மனைவி அனுசூயா அத்தை எழுதுவது.

இதை உனக்கு முன்னால் உன் மாமனார் பிரித்திருப்பார். அதனால் முதலில் அவருக்கு.

ஐயா, தாங்கள் இதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து நடுவில் நிறுத்த வேண்டாம். என் கணவர் பனியில் வழுக்கி விழவில்லை. முப்பத்தொன்பது வயசில் நெஞ்சு நின்று இறந்தார். அவருடைய அப்பா முப்பத்துநாலில். அண்ணன் பத்தொன்பதில். எங்கள் மகன் ரவிசங்கர் பதினொன்றில், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. எல்லோரும் இறைத்தோ, நீந்தியோ, தூக்கியோ, ஓடியோ, அந்தக் கையோடு சாய்ந்து போனவர்கள். இது ரத்தத்தில் வருகிற வியாதி. உங்கள் மருமகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். இங்கே சோதித்த டாக்டரின் குறிப்பை இதனுடன் வைத்திருக்கிறேன். சென்னையில் ஒரு பெரிய இருதய டாக்டரிடம் கொடுங்கள்.

இதை உங்களிடம் மறைத்தார்கள். தப்புதான். என்னிடமும் மறைத்துத்தான் கட்டிவைத்தார்கள். தெரிந்திருந்தால் என் அப்பா அந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார். எனக்கு ரவி பிறந்திருக்க மாட்டான். அந்தப் பதினோரு வருஷம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், வாய் வரவில்லை. நீங்கள் கோபப்படுங்கள், உங்கள் சம்பந்தியைக் கேள்வி கேளுங்கள். ஆனால் முதலில் ரயில் ஏறுங்கள். கோபத்தைத் திரும்பி வந்தபிறகும் படலாம். நீங்கள் மூன்று அதிரசம் சாப்பிட்டீர்களாமே, அது கெட்ட பாகில் சுட்டது. இனிமேல் உங்களுக்கு யாரும் எதிலும் சுக்குப் போட்டுத் தர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சியாமளா, இனி உனக்கு. குடம் தூக்காதே. மாடி ஏறாதே. மூச்சு வாங்கினால் மசக்கை என்று விட்டுவிடாதே, சொல்லு, கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்லு. இதனால் உன்னை அனுப்பிவிட்டால் அனுப்பட்டும். உயிரோடு வருவாய். இந்த வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அதில் யாரும் இல்லை. உன் அம்மா என்னை எழுத வேண்டாம் என்றாள். அவளோடு சண்டை போடாதே, அவளும் பன்னிரண்டு வயசில் கிணற்றடியில் நின்றவள்.

மரங்கள் இந்த வருஷமும் வடிகின்றன. முசியே ரோஷே வாளி மாட்டட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மிச்சமிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றை நேற்றுத் திறந்தேன். ரொட்டியோடு தின்றேன். அந்த வாடையை மறைக்க ஒன்றும் போடவில்லை.

பதில் எழுது. 'நலம்' என்று மட்டும் எழுதாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அத்தை
அனுசூயா